கண் கடித்தால் சொட்டு மருந்து, கண் நொந்தால் வைத்தியசாலை

வடக்கிலே சோளகம் என்றும் மட்டக்களப்பிலே கச்சான் என்றும் சொல்லப்படும் காற்று வீசத் தொடங்கியதும், எமது குடியிருப்புகளிற் பிள்ளைகள் கண்ணைக் கசக்கத் தொடங்கிவிடுகின்றனர். கிறவல் வீதியின் புழுதி தரப்பாளுக்கு உள்ளேயும் வந்து பாயிலும் தலையணையிலும் படிகிறது. மாசி, பங்குனியில் அரிவு வெட்டும் சூடடிப்பும் நடக்கும்போது பெரியவர்களின் முறை வருகிறது. சொந்த வயலை விட்டு வந்த எமது மக்கள் பிறர் வயலிற் கூலிக்கு இறங்குகின்றனர். மாலையிற் கண் சிவந்து, இமை வீங்கித் திரும்புகின்றனர்.

"கண் கடி ஒரு வருத்தமா? வயிற்றுப்பாட்டைப் பார்ப்பதா, கண் கடியைப் பார்ப்பதா?" என்று சிலர் கேட்கலாம். சாதாரணக் கடி எவருடைய பார்வையையும் பறிப்பதில்லை என்பது உண்மையே. ஆனால் கடிக்கென்று நாம் வாங்கி விடும் பிழையான மருந்து பார்வையைப் பறிக்கக்கூடும். நல்ல மருந்து இருக்கிறது. அது எது, அதனை எப்படி விடுவது, எப்போது அதனை விடாமல் வைத்தியசாலைக்கு ஓட வேண்டும் என்பதை ஒவ்வொரு குடும்பமும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். அதற்காகவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

ஒரு சிறுவனுக்கு நேர்ந்தது

எமது குழுவினர் மாதந்தோறும் செல்லும் குடியிருப்பொன்றிற் பதினொரு வயதுச் சிறுவன் ஒருவன் இருக்கிறான். பெயரையும் இடத்தையும் இங்கு குறிப்பிடவில்லை. காற்றுக் காலம் வந்தால் அவனுக்குக் கண் சிவந்து கடிக்கும். தகப்பனார் கூலி வேலைக்குப் போகிறவர். ஒரு நாள் பட்டணத்திற்குப் போனபோது மருந்துக்கடையொன்றிற் பிள்ளையின் கண் சிவந்து கடிப்பதாகச் சொன்னார். ஒரு சிறிய போத்தலைக் கொடுத்தார்கள். விட்ட இரண்டாம் நாளே சிவப்புப் போய், கடியும் நின்றுவிட்டது.

பிறகென்ன? கண் கடித்த போதெல்லாம் வெறும் போத்தலைக் கொண்டுபோய்க் காட்டி அதே மருந்தை வாங்கினார். ஒன்றரை வருடம் இப்படிப் போயிற்று. கரும்பலகையில் எழுதுவது தெரியவில்லை என்று பையன் சொன்னபோது ஆசிரியை அவனை முன்வாங்கில் இருத்தினார். முன்வாங்கிலிருந்தும் அவனுக்குத் தெரியவில்லை. இறுதியிற் கண் கிளினிக்குக்கு அழைத்துச் சென்றபோது, கண்ணின் உள்ளழுத்தம் கூடியிருப்பதும் பார்வை நரம்பு பழுதடைந்திருப்பதும் தெரியவந்தன. அந்தப் போத்தலில் இருந்தது ஸ்டீரொயிட் மருந்து.

"நல்ல மருந்தெண்டுதானே ஐயா வாங்கினனான். இரண்டு நாளிலை சுகம் வந்ததே" என்று அந்தத் தகப்பனார் எம்மிடம் சொன்னார். அவர் கவலையீனமானவர் அல்லர். கூலிக் காசில் மிச்சம் பிடித்துப் பிள்ளைக்கு மருந்து வாங்கியவர். அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை என்பதுதான் குறை. மருந்து நிறுத்தப்பட்டு, அழுத்தத்தைக் குறைக்கும் சிகிச்சை இப்போது நடைபெறுகிறது. இருக்கின்ற பார்வையைக் காப்பாற்றலாம். போன பார்வை திரும்பி வராது.

கடியா, நோவா?

கண் சிவந்தால் எல்லாவற்றையும் "கண் வருத்தம்" என்று ஒரே பெயராற் சொல்லிவிடுகிறோம். ஆனால் சிவப்புக்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றைப் பிரித்தறிய முதற் கேள்வி ஒன்றே: கண் கடிக்கிறதா, நோகிறதா?

ஒவ்வாமையின் முதல் அடையாளம் கடி. கசக்கக் கசக்க மேலும் கசக்கச் சொல்லும் கடி. பெரும்பாலும் இரண்டு கண்களிலும் ஒன்றாகவே வரும். தண்ணீர் போலக் கண்ணீர் வடியும். சில வேளை நூல் போன்ற வெண்மையான பீளை வரும். இமை வீங்கும். கூடவே தும்மலும் மூக்கால் வடிதலும் இருக்கலாம். பார்வை தெளிவாகவே இருக்கும். இது ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது.

தொற்றுக் கண்நோய் வேறு. வைரசுக் கிருமியால் வருவது பெரும்பாலும் ஒரு கண்ணிற் தொடங்கி ஓரிரு நாளில் மற்றக் கண்ணுக்குப் போகும். மணல் விழுந்தாற் போல உறுத்தும். வீட்டிலுள்ள மற்றவர்களுக்கும் விரைவிற் தொற்றும். பக்டீரியாவால் வருவதில் மஞ்சள் அல்லது பச்சை நிறத்திற் தடித்த பீளை தள்ளி, காலையில் இமைகள் ஒட்டிக்கொள்ளும். இவற்றுக்கு ஒவ்வாமை மருந்து சிகிச்சையாகாது.

மூன்றாவது வகையே ஆபத்தானது. நெல்லுமி, வைக்கோற் துரும்பு, நெற்தாளின் நுனி, முட்செடி ஆகியன கருவிழியின் மேலுள்ள தெளிவான படலத்திற் கீறி, அந்தக் கீறலிற் பூஞ்சணமோ வேறு கிருமியோ புகுந்து புண்ணாக்குவது. இது விவசாயிகளின் நோய். இதிற் கடி முக்கியமன்று, நோ இருக்கும். பெரும்பாலும் ஒரு கண்ணிலேயே வரும். வெளிச்சத்தைப் பார்க்க முடியாது. பார்வை மங்கும். கருவிழியில் வெள்ளைப் புள்ளி தோன்றும். இந்த அடையாளங்களில் ஒன்று இருந்தாலும் எந்தச் சொட்டு மருந்தையும் விடாமல் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

கண் ஏன் கடிக்கிறது?

குளத்து நீரில் வேளாண்மை செய்தவர்களுக்கு இதனை விளங்கப்படுத்துவது சுலபம். எமது இமையின் உட்புறத்திலும் வெண்விழியின் மேலுள்ள மெல்லிய தோலிலும் மாஸ்ட் கலங்கள் எனப்படும் நுண்ணிய கலங்கள் இருக்கின்றன. அவை ஒவ்வொன்றும் ஒரு சிறு குளம். அக்குளத்திலே தேங்கியிருப்பது ஹிஸ்டமீன் என்னும் பொருள். பூந்தாதோ, தூசியோ, அதில் வாழும் உண்ணியின் எச்சமோ ஒவ்வாமையுள்ள ஒருவரின் கண்ணிற் பட்டதும், குளத்தின் துருசு திறந்துகொள்கிறது. ஹிஸ்டமீன் பாய்ந்து சென்று நரம்பிலும் இரத்தக் குழாயிலும் உள்ள வாய்களுக்குள் நுழைகிறது. நரம்பில் நுழைந்தாற் கடி. குழாயில் நுழைந்தாற் சிவப்பும் வீக்கமும்.

கண்ணைக் கசக்கும்போது என்ன நடக்கிறது? அந்த அழுத்தமே இன்னும் பல துருசுகளைத் திறந்துவிடுகிறது. அதனாற்றான் கசக்கிய மறுகணம் சுகமாக இருந்தாலும் பின்னர் கடி இரட்டிப்பாகிறது.

ஹிஸ்டமீன் உடலில் என்ன செய்கிறது என்பதை இங்கிலாந்தில் ஹென்றி டேலும் பற்றிக் லெயிட்லோவும் 1910 ஆம் ஆண்டில் விவரித்தனர். அதனைத் தடுக்கும் முதலாவது பொருளை 1937 இற் பாரிஸ் நகரத்துப் பாஸ்டர் நிறுவனத்தில் டானியல் பொவே கண்டறிந்தார். அவருக்கு 1957 இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. இன்று எமது கைக்கு வரும் ஒவ்வாமைச் சொட்டு மருந்துகள் அந்த வழியில் வந்தவையே.

எந்த மருந்து என்ன செய்யும்?

கண் ஒவ்வாமைக்கான சொட்டு மருந்துகளை மூன்று வகையாகப் பார்க்கலாம்.

முதலாவது, பழைய ஹிஸ்டமீன் எதிர்ப்பு மருந்துகள். அன்டசோலின் என்பது இதில் ஒன்று. இது பெரும்பாலும் தனியே வருவதில்லை; சிவப்பைப் போக்குவதற்காக நாபசோலின் அல்லது சைலோமெட்டசோலின் என்னும் குழாய் சுருக்கும் மருந்துடன் கலந்தே வரும். கண் உடனே வெளுக்கும். ஆனால் தொடர்ந்து சில நாட்களுக்கு மேல் விட்டால், மருந்தை நிறுத்தியதும் முன்னரை விடக் கண் சிவக்கும். சிறு பிள்ளைகளுக்கும், இரத்த அழுத்தம், இருதய வருத்தம், குளுக்கோமா உள்ளவர்களுக்கும் வைத்தியரைக் கேளாமல் இதனை விடக்கூடாது. பிள்ளை தவறிக் குடித்துவிட்டால் உயிருக்கே ஆபத்து உண்டாகலாம்.

இரண்டாவது, சோடியம் குரோமோகிளிக்கேட் 2 வீதம். இது துருசைத் திறக்கவிடாமற் காக்கும் மருந்து. நாளொன்றுக்கு நான்கு முறை விட வேண்டும். ஏற்கெனவே பாய்ந்துவிட்ட நீரை இது தடுக்காது. ஆகையால் விட்டவுடன் கடி நிற்காது. முழுப்பயன் தெரியச் சில நாட்களோ இரண்டு வாரமோ செல்லலாம். இரண்டு நாள் விட்டுப் பார்த்து "இது சரியில்லை" என்று எறிந்துவிடுபவர்கள் பலர். காற்றுக் காலத்திற்கு ஒரு வாரம் முன்னதாகத் தொடங்கிக் காலம் முடியும்வரை விட்டுவருவதே இதன் முறை.

மூன்றாவது, இரண்டு வேலையையும் செய்யும் மருந்துகள். கீட்டோடிபென் 0.025 வீதம், ஒலோபட்டடீன் 0.1 வீதம் ஆகியவை இவ்வகையின. இவை பாய்ந்து வரும் நீருக்கு வாயை அடைப்பதோடு, துருசையும் மூடிப் பிடிக்கின்றன. ஆகவே சில நிமிடங்களிற் கடி தணியும். அத்தணிவு எட்டு முதற் பன்னிரண்டு மணித்தியாலம் நிற்கும். காலையில் ஒரு துளி, மாலையில் ஒரு துளி போதும். ஒலோபட்டடீன் 0.2 வீதமாகவும் வருகிறது; அதனை நாளுக்கு ஒரு முறை விட்டாற் போதும். அமெரிக்காவிற் கீட்டோடிபென் 2006 ஆம் ஆண்டிலும் ஒலோபட்டடீன் 2020 ஆம் ஆண்டிலும் வைத்தியரின் துண்டு இன்றி விற்க அனுமதிக்கப்பட்டன. சாதாரண ஒவ்வாமைக்கு இன்று முதலிற் தெரிவு செய்யப்படுபவை இவ்வகை மருந்துகளே.

இம்மருந்துகளை விட்டதும் சிறிது எரியும். தொண்டையிற் கைப்புத் தெரியலாம். சிலருக்குத் தலையிடி வரலாம். இவை பெரும்பாலும் விரைவில் நீங்கிவிடும். மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும், கர்ப்பிணிகளுக்கும், பாலூட்டும் தாய்மாருக்கும் வைத்தியரைக் கேட்ட பின்னரே விட வேண்டும்.

குளிசை போதாதா என்று கேட்பீர்கள். குளோர்பெனிரமின் என்னும் சிறிய மஞ்சட் குளிசை எல்லா வீட்டிலும் இருக்கிறது. தும்மலுக்கும் மூக்கால் வடிதலுக்கும் அது உதவும். கண்ணுக்கு ஓரளவே உதவும். சிலரின் கண்ணை வரளச் செய்து உறுத்தலைக் கூட்டியும் விடும். அத்துடன் நித்திரையை வருவிக்கும். அதனை விழுங்கிவிட்டு உழவு இயந்திரத்தில் ஏறுவதும், சூடடிக்கும் இயந்திரத்திற்குக் கை கொடுப்பதும், கிணற்றுக் கட்டில் நிற்பதும் ஆபத்து. கண்ணிற்கு மட்டுமே கடி என்றாற் கண்ணிற்கு விடும் மருந்தே நல்லது.

மருந்து விடும் முறை

நல்ல மருந்தை வாங்கியும் பயன் கிடைக்கவில்லை என்று சொல்லும் பலர், அதனைக் கன்னத்தில் விடுகிறார்கள் என்பதே உண்மை. முறை இதுதான்.

முதலிற் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள். பிள்ளையாயின் பாயிற் படுக்க வையுங்கள். பெரியவர் தலையைப் பின்னே சாய்த்தாற் போதும். கீழிமையை ஒரு விரலாற் கீழே இழுத்தால் சிறு பை போலத் திறக்கும். போத்தலின் நுனி இமையிலோ மயிரிலோ விரலிலோ முட்டாமல் அந்தப் பைக்குள் ஒரு துளி விடுங்கள். கண்ணை மெதுவாக மூடி, மூக்கோரத்துக் கண்மூலையை விரலால் ஓரிரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். அவ்விடத்தில் மூக்குக்குள் இறங்கும் ஒரு சிறு குழாய் இருக்கிறது. அதனை அழுத்தினால் மருந்து கண்ணிலேயே நிற்கும். தொண்டையிற் கைப்பும் வராது. வேறொரு சொட்டு மருந்தும் விட வேண்டுமானால் ஐந்து நிமிடம் கழித்து விடுங்கள்.

கண்ணைத் திறக்கப் பயப்படும் பிள்ளைக்கு ஓர் உபாயம் உண்டு. கண்ணை மூடியபடி மல்லாந்து படுக்கச் சொல்லி, மூக்கோரத்துக் கண்மூலையில் ஒரு துளியை வைத்துவிடுங்கள். பின்னர் கண்ணைத் திறக்கச் சொன்னால் துளி தானாகவே உள்ளே போய்விடும்.

ஒரு துளி போதுமா? போதும். போத்தலிலிருந்து விழும் ஒரு துளியே கண் கொள்ளும் அளவை விடக் கூடியது. இரண்டாம் துளி கன்னத்தில் வழியும், காசும் வழியும். கணக்குப் பார்த்தால், ஒரு மில்லிலீற்றரில் ஏறக்குறைய 20 துளிகள் உண்டு. 5 மில்லிலீற்றர் போத்தலில் ஏறக்குறைய 100 துளிகள். இரண்டு கண்ணுக்கும் காலை மாலை விட்டால் நாளொன்றுக்கு நான்கு துளி. அப்படியானால் ஒரு போத்தல் ஏறக்குறைய 25 நாட்களுக்கு வரும். பத்து நாளிற் போத்தல் முடிகிறதென்றால் விடும் முறையிற் பிழை இருக்கிறது.

திறந்த போத்தலை நான்கு வாரத்திற்கு மேல் வைத்திருக்கக்கூடாது. மருந்து மிச்சமிருந்தாலும் அதனுட் கிருமி வளர இடமுண்டு. திறந்த திகதியைப் போத்தலில் ஒரு சிறு கடதாசியில் எழுதி ஒட்டிவிடுங்கள். மத்தியானத்தில் தரப்பாள் கொட்டிலின் உட்புறம் அடுப்புப் போலக் காய்வதை நாம் அறிவோம். குளிர்சாதனப் பெட்டி இல்லாதவர்கள் போத்தலை மூடியுள்ள சிறு பிளாஸ்டிக் பெட்டியில் இட்டு, தண்ணீர்ப் பானை வைத்திருக்கும் ஈரமணலிற் புதைத்து வைக்கலாம். பிள்ளைகளின் கைக்கு எட்டாதிருக்கட்டும்.

ஒரு போத்தல் ஒருவருக்கே. "வீட்டில் நாலு பேருக்குக் கடி, நாலு போத்தலுக்கு எங்கே போவது?" என்ற கேள்வி நியாயமானது. ஆயினும் ஒருவரின் கண்ணிற் தொற்று இருந்து நுனி முட்டிவிட்டால், அந்தப் போத்தலே நான்கு பேருக்கும் நோயைக் கொண்டுபோகும். அரச வைத்தியசாலையிற் பரிசோதனை இலவசம். ஒருவருக்கு வாங்கியதை நால்வரும் பங்கிடுவதை விட, நால்வரும் அங்கே சென்று காட்டுவது நல்லது.

"சோன்", "லோன்" என்று முடியும் மருந்துகள்

இனி அந்தச் சிறுவனின் போத்தலுக்கு வருவோம். ஸ்டீரொயிட் கெட்ட மருந்தன்று. கண் வைத்தியர் சில நோய்களுக்கு அதனைக் கட்டாயம் கொடுப்பார். கொடுத்துவிட்டுக் கண்ணின் அழுத்தத்தை அளந்து பார்ப்பார். அளந்து பார்க்க ஒருவரும் இல்லாமல் மாதக்கணக்கில் விடுவதே அழிவு. அழுத்தம் கூடும்போது நோகாது, சிவக்காது, கடிக்காது. பார்வையின் ஓரங்கள் மெல்ல மெல்ல உதிரும். தெரியவரும்போது காலம் கடந்திருக்கும். நீண்டகாலம் விட்டால் இளம் வயதிலேயே கண்புரையும் வரலாம்.

நெல்லுமி கீறிய கண்ணில் ஸ்டீரொயிட்டை விடுவது இன்னும் மோசமானது. கண்ணின் எதிர்ப்புச் சக்தியை அது அடக்கிவிடுவதாற் பூஞ்சணம் தடையின்றி வளரும். முதல் நாள் சிவப்புக் குறைந்து சுகம் போலத் தெரியும். உள்ளே புண் ஆழமாகிக்கொண்டிருக்கும்.

போத்தலில் உள்ள பெயர்கள் எமது மொழியில் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மானிப்பாயிற் பணிபுரிந்த மிஷனரி வைத்தியர் சாமுவேல் கிறீன், மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, மருத்துவ நூல்களையும் தமிழாக்கினார். இன்றும் மருந்துப் போத்தல் எமக்குப் புரியாத எழுத்திலேயே வருகிறது. ஆகவே படிக்கும் பிள்ளையைக் கொண்டு பெயரை எழுத்துக்கூட்டி வாசிக்கச் செய்யுங்கள். கடைப் பெயரை விட்டு, அதன் கீழே சிறிய எழுத்தில் உள்ள மருந்தின் பெயரைப் பாருங்கள். டெக்ஸாமெதசோன், பீட்டாமெதசோன், பிரெட்னிசோலோன், புளூரோமெதலோன் என்பன ஸ்டீரொயிட்டுகள். "சோன்" என்றோ "லோன்" என்றோ பெயர் முடிந்தால் நின்று கேளுங்கள். எல்லா ஸ்டீரொயிட்டும் இப்படி முடிவதில்லை. லோட்டிபிரெட்னோல் என்பதும் ஒரு ஸ்டீரொயிட்டே. சில போத்தல்களிற் கிருமிகொல்லி மருந்தும் ஸ்டீரொயிட்டும் கலந்திருக்கும். இரண்டு பெயர் இருந்தால் இரண்டையும் வாசியுங்கள்.

வாசிக்க முடியாவிட்டால் ஒரு கேள்வி கேட்டாற் போதும்: "இதில் ஸ்டீரொயிட் இருக்கிறதா?" காசு கொடுப்பவருக்கு இதைக் கேட்கும் உரிமை உண்டு. கேட்க வெட்கப்பட வேண்டியதில்லை. வைத்தியர் எழுதித் தந்ததாயினும், எத்தனை நாள் விடுவது, எப்போது திரும்பி வருவது என்று கேட்டு, அந்த நாட்களோடு நிறுத்திவிடுங்கள். வெறும் போத்தலைக் காட்டி மறுபடி வாங்க வேண்டாம்.

வருடந்தோறும் கடி வரும் பிள்ளைகள்

ஐந்து முதற் பதினைந்து வயதான பிள்ளைகளிடம், சிறப்பாக ஆண் பிள்ளைகளிடம், ஒரு கடுமையான ஒவ்வாமை காணப்படுகிறது. வெப்பமும் வறட்சியும் உள்ள இடங்களில் இது கூடுதல். கடி தாங்க முடியாதிருக்கும், வெளிச்சம் கூசும், நூல் போன்ற பீளை தள்ளும், மேலிமையைப் புரட்டிப் பார்த்தாற் கற்கள் பதித்தாற் போலத் தடித்திருக்கும். பெரும்பாலானோருக்கு இளைஞராகும்போது இது தணிந்துவிடும். ஆனால் அதுவரை கவனியாதுவிட்டால் மேலிமையின் தடிப்புகள் உராய்ந்து கருவிழியிற் புண் வரலாம். வருடக்கணக்கிற் கசக்குவதாற் கருவிழி கூம்பு போலப் புடைத்துப் பார்வை கெடவும் கூடும். எமது சிறுவனுக்கு முதலில் இருந்ததும் இந்நோயே. இப்பிள்ளைகளுக்குக் கடைச் சொட்டு மருந்து மட்டும் போதாது. கண் கிளினிக்கில் ஒழுங்காகக் காட்டிவர வேண்டும்.

மருந்தோடு செய்ய வேண்டியவை

மருந்து துருசை மூடுகிறது. ஆனால் துருசைத் திறக்கும் தூசியையும் நாம் குறைக்க வேண்டும். வயலாலோ வீதியாலோ வந்தவுடன் முகத்தையும் கண்ணிமையையும் சுத்தமான நீராற் கழுவுங்கள். தலையிற் புழுதியோடு தலையணையிற் சாயாதீர்கள். கடி கூடினாற் சுத்தமான துணியைக் குளிர்ந்த நீரில் நனைத்து, மூடிய கண்ணின் மேற் பத்து நிமிடம் வையுங்கள். காசு செலவில்லாத இந்த வைத்தியம் வீக்கத்தையும் கடியையும் நன்றாகத் தணிக்கும். துவாயையும் லேஞ்சியையும் ஒவ்வொருவருக்கும் வேறாக வையுங்கள். பாய், தலையணை, போர்வை ஆகியவற்றை வாரந்தோறும் வெளியே தட்டி வெயிலிற் காயவிடுங்கள். தட்டுகின்றவர் கண் கடி உள்ளவராக இருக்க வேண்டாம். சூடடிக்கும்போதும் தூற்றும்போதும் காற்றுக்கு முதுகு காட்டி நின்று, தொப்பியும் கண்ணாடியும் போடுங்கள். எந்தச் சாதாரணக் கண்ணாடியும் உமியைத் தடுக்கும்.

நீண்டகாலம் கைவிடப்பட்ட காணிகளுக்குத் திரும்பியவர்கள் பார்த்தீனியம் என்னும் களையைக் கண்டிருப்பார்கள். கரட் இலை போன்ற இலையும் சிறு வெள்ளைப் பூவும் உள்ள அச்செடி தோலிலும் மூக்கிலும் கண்ணிலும் ஒவ்வாமையை உண்டாக்கும். பூப்பதற்கு முன்னரே, கையுறையோ பிளாஸ்டிக் பையோ கையில் மாட்டிக்கொண்டு வேரோடு பிடுங்குங்கள்.

அடுப்புப் புகையாலும் குப்பை எரிக்கும் புகையாலும் வரும் எரிவு ஒவ்வாமையன்று. அதற்கு ஒவ்வாமை மருந்து தீர்வாகாது. புகை போக வழி செய்வதே மருந்து.

தாய்ப்பால், நந்தியாவட்டைச் சாறு, விளக்கெண்ணெய், தேன் ஆகியவற்றைக் கண்ணில் விடும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அன்பினாற் செய்வதே. எனினும் கிருமியற்ற நிலையில் இல்லாத எதனையும் கண்ணில் விடக்கூடாது. எருக்கலைப் பால் கண்ணிற் பட்டால் முதலில் நோகாமலே இருந்து பின்னர் பார்வை மங்கலாம். வெற்றிலைச் சுண்ணாம்பு கண்ணை வேகவைத்துவிடும். கிருமிநாசினி, சுண்ணாம்பு, எருக்கலைப் பால் எது பட்டாலும், உடனே ஓடும் நீராற் குறைந்தது இருபது நிமிடம் கழுவிவிட்டு வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். கழுவாமல் ஓடுவது பிழை. கழுவிவிட்டு வீட்டில் இருப்பதும் பிழை.

நினைவில் வைத்திருங்கள்

1. இரண்டு கண்ணும் கடித்து, தண்ணீர் வடிந்து, பார்வை தெளிவாக இருந்தால் அது பெரும்பாலும் ஒவ்வாமை.

2. குளிர்ந்த துணியும் கழுவுதலும் முதல் வைத்தியம். போதாவிட்டாற் கீட்டோடிபென் அல்லது ஒலோபட்டடீன் பற்றி வைத்தியரிடமோ மருந்தாளரிடமோ கேளுங்கள்.

3. ஒரு கண்ணுக்கு ஒரு துளி. ஒருவருக்கு ஒரு போத்தல். திறந்தால் நான்கு வாரம்.

4. ஸ்டீரொயிட் இருக்கிறதா என்று கேளாமல் எந்தக் கண்மருந்தையும் வாங்க வேண்டாம்.

5. நோ, வெளிச்சக் கூச்சம், பார்வை மங்கல், கருவிழியில் வெள்ளைப் புள்ளி, தடித்த மஞ்சட் பீளை, உமியோ முள்ளோ கீறியமை, பிறந்த குழந்தையின் கண்ணிற் பீளை ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே வைத்தியசாலை.

6. ஒவ்வாமை என்று மருந்து விட்டும் ஒரு வாரத்திற் குறையாவிட்டால் வைத்தியரைக் காணுங்கள்.

எரிகோவின் வீதியோரத்தில் இருந்த பர்த்திமேயு ஆண்டவரிடம் பொன்னையோ பொருளையோ கேட்கவில்லை, பார்வையையே கேட்டான். காணியையும் வீட்டையும் விட்டு வந்த எமது குடும்பங்களிடம் மிஞ்சியிருக்கும் பெருஞ்சொத்து உழைக்கும் கையும் பார்க்கும் கண்ணுமே. இக்கட்டுரையை வாசித்தவர்கள் இதழை மடித்து வைத்துவிடாமல், இன்று மாலை வீட்டில் இருக்கும் கண்மருந்துப் போத்தல்களை வெளியே எடுத்து வையுங்கள். திகதி கடந்ததை எறியுங்கள். மற்றதின் பெயரைப் பிள்ளையைக் கொண்டு வாசிப்பியுங்கள். பின்னர் பக்கத்துக் கொட்டிலுக்கும் போய்ச் சொல்லுங்கள். அந்தத் தகப்பனாருக்கு ஒருவரும் சொல்லாமல் விட்டதை, நாம் இன்னொரு தகப்பனாருக்காவது சொல்லுவோம்.